தென்னந்தோப்புக்குள் போன கண்ணாடி நூல்

இந்த ஆனியில் ஒரு காலை, கல்லூரி மொட்டை மாடியில் நின்றிருந்தபோது போன் வந்தது. "நூர்ஜஹான் மேடம் மௌத்தாயிட்டாக சார். நெஞ்சு வலின்னாக, ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்று அலுவலக உதவியாளர் அழுதார். எதிரே தென்னந்தோப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் சமுதாயக் கல்லூரி. நூர்ஜஹான் கணினித் துறை ஆசிரியை, நான் வணிகவியல். வளாகத்துக்குக் கணினியும் இணையமும் திட்டமிடும் குழுவில் இருவரையும் பிடித்துப் போட்டார்கள். அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அவருடைய கேள்விகளைத் தெரியும். கூட்டத்துக்கு டீ வந்தால், "இந்தக் கடை டீ மட்டும் ஏன் சார் ஆற மாட்டேங்குது?" என்று கிளாஸைத் திருப்பிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்லூரியின் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பாண்டியண்ணன் தோப்பு. பழைய கட்டடத்து இணையத்தைப் புதியதற்குக் கொண்டுபோக, இரண்டு மாடியிலும் எதிரெதிரே, கம்பியில்லாமல் அலை அனுப்பும் டிஷ் வைத்தோம். போன வருடம் பங்குனியில் ஜோராக ஓடியது. ஆனி பிறந்ததும் விட்டு விட்டு வந்தது. அந்தப் புதிய கட்டடத்தில்தான் நர்சிங் உதவியாளர், தையல் மாணவிகளுக்கு மறுவருடம் ஆன்லைன் தேர்வு நடக்க வேண்டும். இணையம் சரியில்லை என்றால் மையம் மதுரைக்குப் போய்விடும். அவ்வளவு தூரம் பாதிப் பெண்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். படிப்பு அத்தோடு சரி.

குழு கூடியது. முதல்வர் கரண்டைக் குறை சொன்னார். நான் பிள்ளைகள் பார்க்கும் வீடியோவைக் குறை சொன்னேன். நூர்ஜஹான் மட்டும், "எப்பக் கெடுதுன்னே கேக்கோமே, எப்ப நல்லா ஓடுதுன்னு யாராச்சும் பாத்தீகளா?" என்றார். யாரும் பார்த்திருக்கவில்லை. காலையில் நன்றாக ஓடுகிறது, வெயில் ஏறினால் கெடுகிறது என்று இரண்டு நாளில் அவரே கண்டுபிடித்தார்.

மூன்றாம் நாள் மதியம் மாடியிலிருந்து கூப்பிட்டார். "சார், இங்கன வாங்க. அந்த மட்டை குறுக்க வருது பாருங்க. இப்ப போச்சா? வெலகிருச்சு, இப்ப வந்துருச்சா?" மடிக்கணினியில் இணைப்பு அப்படியே போய்ப் போய் வந்தது. கேரளாவில் மழை பிடித்தால் நமக்குக் காற்று, அதுவும் வெயில் ஏற ஏற வலுக்கும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அறிந்தது. ஆனால் நாங்கள் திட்டம் போட்டது மட்டை அசையாத மாதத்தில். தலைத்துணி காற்றில் பறக்க, தப்பு கிடைத்த சந்தோஷத்தில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டு மரத்தை வெட்டச் சொல்லலாம் என்றேன். "காய்க்கிற மரத்த வெட்டச் சொல்ல வாய் வருதா சார் ஒங்களுக்கு?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். மண்ணுக்கடியில் கேபிள் பதிக்க வேண்டும் என்றதும் பாண்டியண்ணன், "கரண்டுக் கம்பியெல்லாம் என் தோப்புக்குள்ள வேணாம் தாயி" என்றார்.

"கரண்டு இல்லண்ணே. கண்ணாடி நூலு. உள்ள வெளிச்சந்தான் போகும்."

"மண்ணுக்குள்ள வெளிச்சமா?"

கைப்பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து, ஒரு முனையில் போன் டார்ச்சைப் பிடித்தார். மறுமுனையைக் கைக்குள் பொத்திப் பார்த்தார் பாண்டியண்ணன். உள்ளங்கையில் ஒரு பொட்டு வெளிச்சம். "வாய்க்கா ஓரமா, மம்பட்டி படாத ஆழத்துல போடுங்க" என்றார். காரியம் முடிந்தது, கிளம்பலாம் என்று நான் எழுந்தால், அந்த அம்மா மரத்து இளநீரை அண்ணாந்து பார்த்து அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டார்: "தண்ணி இவ்ளோ ஒசரம் எப்படிண்ணே ஏறுது?" அன்று எனக்கு ஒரு வகுப்பு போனது.

கேபிள் பதித்தாகிவிட்டது, மையமும் எங்களுக்கே கிடைத்தது. தேர்வு நடந்தது இந்த ஆடியில். அவர் இல்லை. காற்று பேயாட்டம் ஆடியது. புதிய கட்டடத்தில் பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் பாண்டியண்ணன் நின்றிருந்தார்.

"மட்டை இந்த ஆட்டம் ஆடுதே சார், புள்ளைக எழுதுதுகளா?"

"எழுதுதுகண்ணே. நெட்டு ஒரு தடவகூட நிக்கல."

அவர் தோப்பைத் திரும்பிப் பார்த்தார். "மேடம் இருந்தா, ஏன் நிக்கலன்னு கேட்டுருப்பாக."

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'ஏன்' கேள்வியைத்தான். நேற்று டீக்கடையில் கிளாஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.