ஏசி இல்லாத புற்று

எங்கள் காலேஜ் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் இருக்கிறது. சிவில் டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. ஒரு லீவுக்கு மாமல்லபுரம் பக்கம் சங்கு மாதிரி கட்டிய ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்தார். அன்றோடு முடிந்தது எங்கள் நிம்மதி. இயற்கைதான் பெரிய இன்ஜினியர் என்று கிளாஸ் கிளாஸாகப் போய்ச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஏசி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எல்லாமே இயற்கையைப் பார்த்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. ஒரு டீம் கழுகு மாதிரி ட்ரோன் செய்யக் கிளம்பியது. கோயில் மலைக்கு மேலே நிஜக் கழுகே வருவதை நிறுத்திவிட்ட ஊர் இது. அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நானும் என் நண்பனும் கரையான் புற்றைப் பிடித்துக்கொண்டோம். கீழ் ஓட்டையில் காற்று நுழையும், உள்ளே இருக்கிற சூட்டைத் தூக்கிக்கொண்டு உச்சி வழியாக வெளியே போகும். வீட்டையும் அப்படிக் கட்டினால் ஏசி வேண்டாம். அதுதான் ஐடியா. நண்பன் செய்யூர்க்காரன், சர்ச்சில் மணி அடிக்கிறவர் மகன். ஒரகடத்தில் ஒரு கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்திருந்தது. ப்ராஜெக்ட் பாஸ் ஆனால்தான் சேர முடியும். எனக்கு எவனும் வேலை கொடுக்கவில்லை என்பதால் நான் ஜாலியாக இருந்தேன்.

லேபில் இடம் இல்லை. கேட் ஓரம் வேப்ப மரத்தடியில் செம்மண்ணைக் குழைத்து ஆளுயரத்துக்கு மாடல் கட்டினோம். காற்று ஓடுகிறதா என்று பார்க்கப் புகை வேண்டும். ஊதுபத்தி கொளுத்திக் கீழ் ஓட்டையில் செருகினோம். வேப்ப மரம், புற்று, ஊதுபத்தி. மூன்றையும் கூட்டினால் என்ன வரும் என்று இன்ஜினியரிங் படித்த இரண்டு மூளைக்கும் தோன்றவில்லை.

முதல் வெள்ளிக்கிழமையே மஞ்சள், குங்குமம். அடுத்த வெள்ளி பால், முட்டை. உள்ளே வைத்திருந்த சென்சார் பாலில் குளித்துச் செத்தது. நண்பன் தினமும் காலையில் வந்து ஈரத்துணியால் ஓட்டைகளைத் துடைத்து, திரும்ப ஊதுபத்தி ஏற்றி டெஸ்ட் பண்ணினான். அது பார்க்கிறவர்களுக்கு டெஸ்ட்டாகத் தெரியவில்லை. கேன்டீன் அக்கா கற்பூரத் தட்டோடு வந்து அவனிடம் நீட்டினாள்.

"காட்டு நைனா, கட தொறக்கணும்."

"யக்கா, நான் கிறிஸ்டியன். இது ப்ராஜெக்ட்டுக்கா."

"அதுக்கின்னா இப்ப? நீதான தெனம் தொடச்சிகினு கீற."

காட்டினான். 'இது ப்ராஜெக்ட் மாடல்' என்று ஒரு போர்டு வைத்தோம். போர்டுக்கும் பொட்டு வைத்தார்கள். ஹெச்.ஓ.டி. நேரில் வந்து, இன்ஜினியரிங்கை மூடநம்பிக்கை ஆக்கிவிட்டீர்கள், வைவாவில் உச்சியில் புகை வராவிட்டால் இருவரும் ஃபெயில் என்று கத்திவிட்டுப் போனார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் கத்தினார்.

வைவா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வேறு காலேஜிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நண்பன் ஊதுபத்தியைச் செருகினான். உச்சியில் ஒன்றும் வரவில்லை. ஹெச்.ஓ.டி. என்னைப் பார்த்துச் சிரித்தார். நண்பன் பாக்கெட்டில் மிச்சம் இருந்த ஊதுபத்தி முழுவதையும் கொளுத்தி உள்ளே தள்ளினான்.

உச்சியிலிருந்து ஒரு தலை வந்தது. சாரைப் பாம்பு. படையலுக்கு எலி வந்திருக்கிறது, எலிக்கு இது வந்திருக்கிறது. நிதானமாக இறங்கிப் புதருக்குள் போனது. அது போய்ச் சேர்வதற்குள் ஹெச்.ஓ.டி.யும் எக்ஸ்டர்னலும் சிமென்ட் பெஞ்சின் மேல் நின்றிருந்தார்கள். கழுகு டீம் பார்க்கிங் வரை பறந்திருந்தது.

அதன் பிறகு உச்சியில் மெல்லிசாக, நேராக, புகை எழுந்தது.

நண்பன் முந்திக்கொண்டான். "வழில அது படுத்துகினு இருந்துச்சி சார், அதான் பொக வரல. வெளிய இந்த வெயிலு அடிக்குது. உள்ள சூடா இருந்தா அது தங்குமா சார்?"

எக்ஸ்டர்னல் கொஞ்ச நேரம் புகையைப் பார்த்தார். பிறகு பெஞ்சிலிருந்து இறங்காமலேயே பாஸ் போட்டுக் கையெழுத்துப் போட்டார். ஹெச்.ஓ.டி. அன்றும் கழற்றி வைத்திருந்த ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நண்பன் இப்போது ஒரகடத்தில் தகரக் கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறான். போன் பண்ணினால் ஒரே புலம்பல்.

"அனலு தாங்கல மச்சான். அந்தப் பாம்பு இங்கலாம் ஒரு நாள் கூட இருக்காது."