உதட்டோரச் சிவப்பு

ஓவியக்கூடத்தின் மூன்றாம் அறைக்குக் காவலாக வந்த நாளிலிருந்து எந்நேரமும் குட்டை நாற்காலியிலேயே இருப்பதால் 'நாற்காலி அக்கா' என்று பெயர் வாங்கியவளுக்கு ஒரே ஒரு ஆளோடுதான் சண்டை. படங்களை விளக்கிச் சொல்லும் வழிகாட்டியோடு. அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே பழைய எண்ணெய் ஓவியம் ஒன்று. ஜன்னலோரம் ஒரு தாய், மடியில் வெளிறிய குழந்தை. "இறந்துபோன குழந்தை" என்று அவர் கூட்டத்திடம் உருகுவார். அவர் நகர்ந்ததும் அக்கா முணுமுணுப்பாள்.

"இந்த மனுஷன் வாயில நல்ல வார்த்தையே வராதா? அது தூங்குதுய்யா!"

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. மூன்று மாதத்தில் போய்விட்ட தன் பிள்ளையை மடியில் கிடத்தியிருந்தவள் அவள். உயிர் போன அந்த உதட்டின் நிறம் அவளுக்கு எந்த ஜென்மத்திலும் மறக்காது. ஆனால் படத்துப் பிள்ளையின் உதட்டோரத்தில் கடுகளவு சிவப்பு இருந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, அவளுடைய குட்டை நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

படத்தைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். திரவத்தில் நனைத்த பஞ்சால் ஒற்ற ஒற்ற, மேலே பூசியிருந்த பழைய வார்னிஷ் பழுப்பாகக் கழன்று வந்தது. சாணிப்பச்சை என்று அக்கா நினைத்திருந்த தாயின் சால்வை பளீரென்று நீலம்! அடேயப்பா என்று வாயைப் பிளந்தவள், பஞ்சு குழந்தையின் முகத்துக்கு நகர்ந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அம்மாடி, நில்லு! உதட்டோரத்துல கை வைக்காதே. அங்க சிவப்பு இருக்கு."

"வெறும் அழுக்குதான்க்கா இருக்கு."

"வெயில் வரட்டும். இங்க உக்காந்து பாரு. அப்புறம் சொல்லு."

வெயில் வந்தது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்துபோய் பூதக்கண்ணாடியை வைத்தும் பார்த்தாள்.

"ஐயோ, நல்லவேளைக்கா! இதை வரைஞ்சவன் அடியில பச்சை பூசி, அது மேல மெல்லிசா சிவப்பு ஓட்டியிருக்கான். ரத்தம் ஓடுற தோல் மாதிரி தெரியணும்னுதான். வார்னிஷோட அதையும் தொடைச்சு எறிஞ்சிருப்பேன்."

அதன்பிறகு ஒரு வாரம் அந்த முகத்தில் மட்டும் கடுகு கடுகாக வேலை நடந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள். வார்னிஷ் விலக விலக, உதட்டில் மட்டுமா, கன்னத்திலும் சிவப்பு ஏறியது.

அடுத்த கூட்டத்தோடு வந்த வழிகாட்டி, "இது இறந்துபோன..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். படத்தையே பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கக்கா."

அக்கா படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க" என்றாள். "முழிச்சுக்கப் போறான்."