டிராக்டர் படத்துக்குப் பெயர் தேடி அடி அண்ணாமலைக்கு

பெண்களின் விவசாய வேலை பற்றி ஆய்வு செய்கிறேன். சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்தில் எண்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. டிராக்டர் இருக்கையில் ஓர் இளம்பெண், மட்கார்டைப் பிடித்தபடி பக்கத்தில் இன்னொருத்தி, பின்னால் மலை. 'திருவண்ணாமலை' என்ற குறிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

காப்பகத்தில் அனுமதி வாங்கி, ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் படத்தைப் போட்டேன். லைக்குகள் குவிந்தன. கூடவே ஒருவர், "சும்மா போஸ்ங்க. அப்பல்லாம் எந்தப் பொண்ணு டிராக்டர் ஓட்டுச்சு?" என்று எழுதிவிட்டார். அந்தப் படத்தை நம்பி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன், தூக்கம் போயிற்று. பிறகு குமரேசன் என்பவரின் செய்தி வந்தது: "சீட்ல இருக்கிறது எங்க பெரியம்மா சரோஜா. அடி அண்ணாமலைலதான் இருக்காங்க, வாங்க."

போன சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். கிளாம்பாக்கத்திலிருந்து காலை ஆறு மணி பஸ். ஏறக்குறைய நான்கு மணி நேரம், டிக்கெட் இருநூறுக்குள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்கு வந்தார்.

"பௌர்ணமின்னா இந்த ரோட்ல வண்டியே விடமாட்டாங்க மேடம். நல்ல நாளா பாத்து வந்துகிறீங்க" என்றார்.

கிரிவலப் பாதையில் சரோஜாம்மாவுக்குப் பெட்டிக்கடை. என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"நாந்தான். ஆனா நான் எங்க ஓட்னேன்? போட்டோவுக்கு உக்காந்தேன், அவ்ளோதான்!"

அப்படியானால் அந்தக் கமெண்ட் போட்டவர் சொன்னதுதான் சரியா?

"ஓட்றவ இவ, விஜயா." நின்றிருந்தவளைத் தொட்டுக் காட்டினார். "அவங்க அப்பாரு டிராக்டரு. ஊர்ல பாதி நெலத்த இவதான் உழுதா. போட்டோ புடிக்க வந்தவரு, என் சீலை நல்லா கீதுன்னு என்னைத் தூக்கி உக்கார வெச்சிட்டாரு. கல்யாணம் ஆயி செங்கம் பக்கம் போனா. அப்பாரு போனப்புறம் இந்தப் பக்கம் வர்றதே இல்ல."

கடையில் கூடவே இருந்த குமரேசன் உடனே என் ஃபேஸ்புக் பதிவின் கீழே எழுதினார்: "நிக்கிறவங்க பேரு விஜயா. செங்கம் பக்கம் யாருக்காவது தெரியுமா?" சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதில் வந்துவிட்டது. விஜயாம்மாவின் மகன்! அவர் வீடியோ காலில் அம்மாவைச் சரோஜாம்மாவோடு பேச வைத்தார். "அங்கியே இரு, பஸ் புடிச்சி வரேன்" என்று விஜயாம்மா வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு வந்து இறங்கினார். முதல் பேச்சே, "ஏண்டி, உழுதது நானு, போஸு நீயா?"

இருவரும் கட்டிக்கொண்டு சிரித்ததில் கிரிவலம் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அனுமதி கேட்டு அவர்கள் பேச்சைப் பதிவு செய்தேன். "ஆம்பளைங்க வரப்புல நின்னு பாப்பாங்க. பாக்கட்டும்னு இன்னும் நேரா ஓட்டுவேன்" என்றார் விஜயாம்மா. என் அத்தியாயம் பிழைத்தது, ஆள்தான் மாறிவிட்டார்.

இப்படித் தேடப் போகிறவர்களுக்கு: காப்பகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் பகிராதீர்கள். பெயரை வெளியிடுமுன் அவர்களையே கேளுங்கள். எங்கள் பதிவு அவசரத்தில் முந்திக்கொண்டது, நல்லவேளை விஜயாம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கமெண்டுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பதிவு எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. முக்கியமாக, கமெண்டோடு நிற்காமல் நேரில் போங்கள். தங்குவதென்றால் செங்கம் ரோட்டில் அறைகள் உண்டு. சனி, ஞாயிறுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

கிளம்பும்போது "போய்ட்டு வரேங்க" என்றேன். இருவர் காதிலும் விழவில்லை. எதிர் வயலில் நின்ற டிராக்டருக்குச் சாவி கேட்டுக்கொண்டிருந்தார் விஜயாம்மா.