பூஜைக்கு வைத்த லேப்டாப்

இந்த வாரப் பத்தியைப் பேனா பிடித்து, கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விரல் வலிக்கிறது. இத்தனை நாள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஏன் இந்த வேலை என்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வாரம் துர்காஷ்டமி. எங்கள் திருவனந்தபுரத்தில் அன்று சாயங்காலம் பூஜை வைப்பு. வீட்டிலிருக்கும் புத்தகம், நோட்டு, பேனா எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, பட்டுத்துணி போட்டு மூடிவிடுவோம். விஜயதசமி காலை பூஜை முடித்து எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. பள்ளிக்கூட நாட்களில் எனக்கு இதைவிடப் பிடித்த சட்டம் வேறு இருந்ததில்லை.

அடுக்குவதற்கு முன் தூசி தட்ட வேண்டுமே! காலையில் துணியோடு மகள் நித்யாவின் மேஜைக்குப் போனேன்.

நித்யா எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். ஜூனில் முடிந்திருக்க வேண்டியது. சமரம் என்று மாணவர் போராட்டம், ஹர்த்தால் என்று கடையடைப்பு, பரீட்சை ஒத்திவைப்பு... அக்டோபர் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்து, சேரும் தேதியை இரண்டு தடவை தள்ளியும் வைத்துவிட்டது. மூன்றாவது தடவை கிடையாது என்று லெட்டரிலேயே போட்டிருந்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ப்ராஜெக்ட்டைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ஆறு மாத உழைப்பு. அத்தனையும் ஷார்ஜாவிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்புக்குள்.

அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு — இன்னொரு கையில் தூசித் துணி — திரும்பினேன்.

டங்!

பீரோ மூலையில் நல்ல இடி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திரை அப்படியேதான் இருந்தது. அப்பாடா என்று மேஜையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும்?

மத்தியானம் நித்யாவின் குரல் கேட்டது. "அம்மா, இது ஹேங் ஆயிட்டு."

மவுஸ் அம்பு திரை நடுவில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக். யாரோ உள்ளே உட்கார்ந்து விரலால் கதவைத் தட்டுவதுபோல.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார் என் கணவர். பண்ணினாள். பத்து நிமிஷம் ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி ஆஃப், மறுபடி ஆன். எங்கள் பழைய டி.வி.க்குச் செய்வதுபோல் தலையில் ஒன்று போட அவர் கையை ஓங்க, "அப்பா, தொடாதீங்க!" என்று அலறிவிட்டாள்.

"காப்பி ஏதாவது எடுத்து வச்சிருக்கியா மக்ளே?"

"ஓணத்துக்கு முன்னால சி.டி.யில போட்டேன். பாதிக்கு மேல அதுக்கு அப்புறம் எழுதினதும்மா!"

பென் டிரைவில் ஏற்றப் பார்த்தாள். அதற்குள் திரை உறைந்தது. டக்... டக்...



ஆரியசாலையில் மணிகண்டன் என்று ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கீழே அவர் அப்பாவின் மிளகாய் மண்டி, மேலே இவருடைய கடை. படி ஏறுவதற்குள் நாலு தும்மல் போடாமல் யாரும் ரிப்பேருக்குக் கொடுத்ததில்லை. சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன்.

"சேச்சி, ஸ்க்ரூடிரைவர் செட்டு முழுக்க பூஜையில இருக்கே. விஜயதசமி அன்னைக்குத்தான் எடுப்பேன். ஒன்பது மணிக்கு வந்திருங்க, கேட்டோ."

"ரொம்ப அவசரம் மணிகண்டன்! ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுக்க முடியாதா?"

"அப்பா பக்கத்துலதான் நிக்காரு. ஸ்க்ரூடிரைவரை எடுத்தா அவரு என் கையை எடுத்திருவாரு."

அதற்குள் நித்யாவின் தோழி போனில் ஒரு வழி சொல்லியிருந்தாள். டிஸ்க் செக் என்று ஒன்று இருக்கிறதாம். ஓடவிட்டால் விடிய விடிய ஓடி, எங்கே கோளாறு என்று மூலை முடுக்கெல்லாம் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுமாம்.

மூலை முடுக்கெல்லாம் தேடுமா? ‘காலை ஒன்பதரை மணிக்குப் பீரோவில் இடிபட்டது’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டால்?

சிரிக்காதீர்கள். டிகிரி படித்தவள்தான். ஆனால் பயந்தவளுக்கு எந்த டிகிரி துணைக்கு வரும்?

அவள் போனை வைத்துவிட்டு வருவதற்குள் லேப்டாப்பை அணைத்தேன். பூஜை அடுக்கில், டிக்‌ஷனரிக்கும் என் கணவரின் ஆபீஸ் டைரிக்கும் நடுவில் செருகினேன். பட்டுத்துணியை இழுத்து மூடி, பூ போட்டு, கற்பூரமும் காட்டிவிட்டேன்.

"அம்மா! இது புஸ்தகம் இல்ல!"

"உன் புஸ்தகம் எல்லாம் இதுக்குள்ளதானே மக்ளே இருக்கு?"

"இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு! எடுங்கம்மா!"

"வச்சாச்சு. இனி தொடக்கூடாது."

துணிப் பக்கம் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். இருபத்துமூன்று வருஷப் பழக்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நவமி அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. தோசை வைத்தேன், சாப்பிட்டாள். டீ வைத்தேன், குடித்தாள். பூஜை அடுக்குக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள் — ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல. நான் சமையலறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்று தடவையும் "டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என்னால் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது... வாயில் வருவதோ டீ!

விஜயதசமி காலை. எழுத்து தொடங்கும் வழக்கப்படி தட்டில் அரிசி பரப்பி, விரலால் ‘ஹரிஸ்ரீ’ என்று எழுதினோம். லேப்டாப்பின் மேல் சந்தனம் இருந்தது. நித்யா அதைத் துடைக்காமல் அப்படியே ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டாள். ஆரியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது.

மணிகண்டனின் ஸ்க்ரூடிரைவர்களிலும் சந்தனப் பொட்டு. அவர் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சின்ன அடாப்டர் மூலம் தன் கம்ப்யூட்டரோடு இணைத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனார். டக்... டக்... சற்று இடைவெளி. அப்புறம் சீராக ஓடியது. அவர் நிமிர்ந்தார்.

"இது எங்கயாவது இடிச்சுதா? விழுந்துச்சா?"



"நான்தான்" என்றேன். "அஷ்டமி காலையில. தூசி தட்டும்போது பீரோவுல இடிச்சிட்டேன்."

நித்யா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்மா."

"எப்படி?"

"மூலையில பச்சை பெயிண்ட் ஒட்டியிருக்கே. நம்ம வீட்டுல பச்சை வேற எங்க இருக்கு? பீரோதான்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளா பாக்கேன். டீதான் வந்துது."

மணிகண்டன் சட்டென்று குனிந்து, விழாத ஸ்க்ரூ ஒன்றை மேஜைக்கடியில் தேட ஆரம்பித்தார். நல்ல மனுஷன்.

எழுந்தபின் கேட்டார்: "இடிச்ச பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?"

"அஞ்சாறு தடவை ரீஸ்டார்ட். டிஸ்க் செக் போடணும்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மா பூஜைக்கு வச்சிட்டாங்க."

"போட்டிருந்தா தீர்ந்துது. அடிபட்ட டிஸ்க்கு, ஓட ஓட உள்ள கீறிக்கிட்டே போகும். விடிய விடிய ஓடியிருந்தா என்கிட்ட தகர டப்பாவைத்தான் கொண்டு வந்திருப்பீங்க. ரெண்டு நாள் யாரும் தொடாததுனாலதான் இப்ப கொஞ்சம் மூச்சு இருக்கு. ஒரு ஃபோல்டர் வேணா பாக்கலாம். எது முதல்ல?"

"ப்ராஜெக்ட்" என்றோம் இரண்டு பேரும்.

டேபிள் ஃபேனை டிஸ்க்கின் பக்கம் திருப்பிவைத்துக் காப்பி போட்டார். நீலப் பட்டை நகர்ந்தது. நின்றது. டக் டக். நகர்ந்தது. முக்கால் பாகம் தாண்டும்போது மண்டியின் மிளகாய் என் மூக்கைக் கண்டுபிடித்தது. தும்மினால் மேஜை ஆடிவிடுமே! மூக்கைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கி ஓடி, தெருவில் நின்று ஏழு தும்மல் போட்டேன். திரும்பி ஏறும்போது மேலே சத்தம். அழுகையா, சிரிப்பா?

இரண்டும்தான். பட்டை நிறைந்து, ப்ராஜெக்ட் முழுசாகத் திறந்திருந்தது. நித்யா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா எழுதின பத்தி எல்லாம் இதுலதான் இருக்கு அண்ணா. அதையும் எடுங்க" என்றாள் நித்யா.

மணிகண்டன் மறுபடி போட்டார். டக்... டக்... டக். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டு வருஷமாக உங்களுக்கு எழுதியதெல்லாம் போயே போச்சு. அன்றைக்கு எனக்கு ஒரு துளி வருத்தம் வரவில்லை. என் எழுத்து போனால் யார் வேலை போகும்?

மறுநாள் ப்ராஜெக்ட் கல்லூரிக்குப் போனது. அதை மூன்று சி.டி.யில் போட்டிருந்தோம். ஒன்று கொடுக்க, ஒன்று வீட்டுக்கு, ஒன்று என் கைப்பைக்குள். அவள் கழக்கூட்டத்துக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. எனக்கு இன்னும் எங்காவது டக் என்று சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது.

ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் நித்யா ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்தாள். அதை அவள் கல்லூரிக்குப் போன பிறகும் சொல்லிக் காட்டியவள் நான். நான் உடைத்ததை அவள் இரண்டு நாள் வாயில் அடக்கி வைத்திருந்தாள். பெரியவர்கள் யார், சின்னவர்கள் யார்?

எங்கள் வீட்டில் இப்போது ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. அடுத்த வருஷமும் லேப்டாப் பூஜைக்கு வைக்கப்படும். ஆனால் அதைத் தூக்கி வைக்கப்போவது நான் இல்லை.