நான் சொன்னது வேறு வார்த்தை

தொண்ணூறோ தொண்ணூற்றொன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆவணி மாதக் கடைசி என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் போகும் ஒரு தெருவில், ரிட்டயர்டான டீச்சர் ஒருவரின் வீட்டு வாசலில் நடந்தது இது. வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். மழைக்காலம் வருவதற்குள் ஓட்டுக் கூரைமேல் சாய்ந்திருந்த கிளைகளை இறக்கிவிட வேண்டும் என்று அந்த டீச்சரம்மா எங்கள் மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். மரம் ஏறிக் கிளை கழிப்பதுதான் அவர் தொழில். அவரோடு எப்போதும் இன்னொருவர் இருப்பார். எங்கள் தெருக்காரர், மாமாவைவிட நாலைந்து வயது பெரியவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மாமா மேலே, அண்ணன் கீழே. மாமா கையில் ரம்பம், அண்ணன் கையில் கயிறு. பத்து வருஷமாக அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு, தாம்பரத்தில் டைப்ரைட்டிங் பழகிக்கொண்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். படிப்பு தந்த மிதப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வீட்டில் யார் பேசினாலும் திருத்துவேன். "வூடு இல்ல மாமா, வீடு" என்பேன். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "செரி மச்சான், நீ வீட்ல இரு. நாங்க வூட்லயே இருந்துக்கறோம்" என்பார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வழக்கமாக ரோட்டில் ஆட்களை நிறுத்தும் மூன்றாவது ஆளுக்கு அன்று காய்ச்சல். "நான் வர்றேன்" என்று நானே சொன்னேன். திருநீர்மலை அடிவாரத்திலிருந்து மூன்று சைக்கிள்கள் கிளம்பின. மாமா சைக்கிள் பாரில் கோணி சுற்றிய ரம்பம். அண்ணன் தோளில் மாலை போட்டதுபோல் கயிறு.

அந்தக் காலை நேரத்து ஜி.எஸ்.டி. ரோடு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கு பார்த்தாலும் சைக்கிள்தான். கேரியரில் சாப்பாட்டுக் கூடை, ஹேண்டில்பாரில் மஞ்சள் பை, பெடல் மிதிக்கும் நூறு செருப்புகள். மரம் ஏறுகிறவருக்குச் சைக்கிளில் போக அவ்வளவு பயம் இருக்கும் என்று யார் நம்புவார்கள்? மாமாவுக்கு இருந்தது. லாரி வந்தால் மண்ணில் இறங்கி நின்றுவிடுவார்.

"அம்பது அடி மேல நிக்கறீங்க, இதுக்குப் போய் பயப்படறீங்களே?" என்றேன்.

"மரம் யாரையும் ஓவர்டேக் பண்ணாது மச்சான்" என்றார்.

அண்ணன் அதற்கு நேர் எதிர். கையை விட்டு ஓட்டுவார், பாட்டுப் பாடுவார். "உங்க மாமாவுக்கு மேலேர்ந்து பாத்துப் பாத்து சைக்கிள்காரன்னாலே வெறும் மண்டைதான். எந்த மண்டைல எவ்ளோ சொட்டைன்னு கேளு, தெருத்தெருவா சொல்வான்." ரயில்வே கேட் மூடியிருந்தால்தான் இரண்டு பேரும் சண்டையை நிறுத்துவார்கள். கேட் திறக்கும்வரை ரோட்டோர மரங்களைப் பார்த்து, எந்தக் கிளை இந்த மழைக்கு விழும், எது தாங்கும் என்று பேசிக்கொள்வார்கள். பந்தயம்கூடக் கட்டுவார்கள், டீக்கு.

டீச்சரம்மா வீட்டுக்குப் போனதும் மாமா என்னிடம் ஒரே ஒரு விதிதான் சொன்னார். அதை விளங்கவைக்க அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெட்டப்போகும் கிளையில் கயிற்றைக் கட்டி, அதை மேலே கிளை பிரியும் ஒரு கவைக்குள் நுழைத்துக் கீழே கொண்டுவந்து, அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அண்ணன் இழுத்துப் பிடித்திருப்பார். மாமா அறுப்பார். ஒரு காலைக் கிளைமேல் வைத்திருப்பார். அது முறியும் நேரம் காலுக்குத்தான் முதலில் தெரியுமாம். தெரிந்ததும் காலை எடுத்து, நகர்ந்து நின்று, "வுடு!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அண்ணன் கயிற்றைத் தளர்த்துவார். கிளை குழந்தை மாதிரி இறங்கி வரும். அண்ணன் மேலே பார்க்கவே மாட்டார். பார்த்தால் கண்ணில் மரத்தூள் விழும், இலை மறைப்பில் ஒன்றும் தெரியவும் தெரியாது. எல்லாம் காதுதான்.

"ஆள் மேல இருக்கசொல்ல, கீழ ஒருத்தரும் அந்த வார்த்தைய சொல்லக்கூடாது. நாய் வந்து கடிச்சாலும் சொல்லாத. புரிஞ்சிதா?" என்றார் மாமா.

"எந்த வார்த்தை?"

"அதான் சொன்னேனே. நான் சொல்ற வார்த்தை."

சரி என்றேன்.

முதல் இரண்டு கிளை ஒழுங்காக இறங்கின. டீச்சரம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது கிளைதான் பெரியது, பாதி ரோட்டுக்கு மேலேயும் பாதி கூரைக்கு மேலேயுமாக. மாமா முக்கால்வாசி அறுத்திருப்பார். அப்போது ஆபீஸ் போகிற சார் ஒருவர் சைக்கிளில் வேகமாக வந்தார். பேன்ட்டில் கிளிப், கேரியரில் டிபன் பாக்ஸ். கை காட்டி நிறுத்தினேன்.

"டிரெயின் போயிடும்பா. சட்டுனு போயிடறேன்."

"ரெண்டு நிமிஷம் சார். மேல வேலை நடக்குது."

"எட்டு நாப்பது வண்டிப்பா. அத விட்டா லேட் மார்க் போட்ருவான்." பெடலை மிதித்தேவிட்டார்.

அவர் கேரியரைப் பிடித்து இழுத்தேன். பி.காம். படித்தவன் மரம் வெட்டும் இடத்தில் நிற்கிறானே என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, நல்ல தமிழில், நல்ல சத்தமாகச் சொன்னேன்:

"அந்த வண்டிய விடுங்க சார்! விடுங்க! அடுத்த வண்டில போலாம்!"

எனக்குப் பின்னால் கயிறு சரசரவென்று ஓடும் சத்தம் கேட்டது. அடுத்து, துணி கிழிவதுபோல் கிளை கிழிந்தது. மேலே "ஐயோ!" என்று மாமாவின் குரல். நிமிர்ந்தேன். கிளை போய்விட்டது, அதன்மேல் வைத்திருந்த காலும் நழுவிவிட்டது. மாமா இரண்டு கைகளாலும் மேல்கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அறுந்த கிளை நானும் அந்தச் சாரும் நின்ற இடத்தை நோக்கி வந்தது. வந்த கிளை எங்கள் தலைக்கு இரண்டு முழம் மேலே குலுங்கி நின்றது.

அண்ணன்தான் நிறுத்தியிருந்தார். ஓடிய கயிற்றை வெறுங்கையால் பிடித்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

அந்தச் சார் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் உருண்டு போயிருந்தது. டீச்சரம்மா "ஏசப்பா, ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்க ஓடினார். மாமா எப்படியோ கால் போட்டு இறங்கிவந்தார். தொடையில் நீளமாகச் சிராய்ப்பு.

"யார்ரா உன்ன வுட சொன்னது?"

"நீதான மச்சி சொன்ன?"

"நான் வாயே தொறக்கலடா!"

அண்ணன் முழித்தார். "எனுக்குக் கேட்டுச்சே" என்றார். பிறகு மெதுவாக, "கேட்டுச்சே" என்றார் மறுபடியும்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் பேச்சு வந்துவிட்டது, அண்ணனுக்குக் காது போய்விட்டதென்று. கேட் பக்கத்து டீக்கடையில் ஒருத்தன், "டமாரச் செவிடன்கிட்ட கயித்த குடுத்தா இப்டித்தான்" என்று சொல்லிச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு வேறு ஆளைக் கூட்டிப் போனார். "அவன்மேல கோவமில்ல மச்சான். காது போனா அவன் இன்னா பண்ணுவான்? ஆனா உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணுமே" என்றார் என்னிடம். காது கேட்காத கயிற்றுக்காரரை மாமா மட்டுமல்ல, எந்த மரமேறியும் சேர்த்துக்கொள்ள மாட்டான். அண்ணனுக்கு வேறு வேலையும் தெரியாது.

மூன்றாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் கேட்டார்:

"தம்பி, நீ படிச்ச புள்ள. பொய் சொல்லமாட்ட. அன்னிக்கு அங்க யாருனா 'வுடு'ன்னு சொன்னாங்களா?"

"இல்லண்ணே" என்றேன். "யாரும் 'வுடு'ன்னு சொல்லல."

எனக்குள் நான் வைத்திருந்த நியாயம் அதுதான். அவர்கள் வார்த்தை 'வுடு'. நான் சொன்னது 'விடுங்க'. அதுவும் மரியாதைப் பன்மையில், வேறு ஒருவரிடம், வேறு ஒரு விஷயத்துக்கு. நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கே இலக்கணம் சொல்லிக்கொண்டு ஒன்பது நாள் சோறு தின்றேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் வீட்டு வேப்பமரத்தை வருஷா வருஷம் இவர்கள்தான் கழிப்பார்கள். கட்டு மாற்ற அவரிடம் போகவேண்டும். அண்ணனால் ஹேண்டில்பார் பிடிக்க முடியாதே, அதனால் நான்தான் டபுள்ஸ் வைத்துக் கூட்டிப்போவேன். கைவிட்டு ஓட்டுகிறவர் என் பின்னால் பேசாமல் உட்கார்ந்து வருவார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வரும்போது, வேளச்சேரி ரோட்டில் அவராகவே சொன்னார்: "தம்பி, முன்னாடி பாத்துகினு மெதுவா ஏதாச்சும் சொல்லு. காது எப்டி கீதுன்னு பாக்கலாம்."

"பால்வண்டி" என்றேன், எதிர்காற்றில், உதடு மட்டும் அசைய.

"பால்வண்டி."

பக்கத்தில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. "புளியங்கொட்டை" என்றேன்.

"புளியங்கொட்ட."

"டெபிட்."

"டெபிட்டு. அது இன்னான்னு தெரியல, ஆனா கேட்டுச்சு." சிரித்தார். நல்ல செய்திதானே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"காது நல்லாத்தான் கீது தம்பி. அப்போ அன்னிக்கு யாரும் சொல்லாதது எனுக்குக் கேட்டுகீது. காது போனாக்கூட பரவால்ல. இல்லாத கொரல் கேக்குதுன்னா அது வேற வியாதி இல்ல? வூட்ல கொயந்தைங்கள வச்சிகினு..."

என் கால் பெடலில் நின்றுவிட்டது. சைக்கிள் சாய்ந்தது, இரண்டு பேரும் தடுமாறி இறங்கினோம். ஒரு புங்கமரத்தடியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, எல்லாவற்றையும் சொன்னேன். சார், டிரெயின், விடுங்க, எல்லாம். சொல்லும்போதுகூட, "ஆனா நான் 'வுடு'ன்னு சொல்லலண்ணே, 'விடுங்க'ன்னுதான்..." என்று இழுத்தேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அந்தக் கையால் அடிக்கவும் முடியாது.

"விடுன்னாலும் வுடுன்னாலும் கயித்துக்கு ஒண்ணுதான் தம்பி" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒம்போது நாளாச்சேடா, பாவி" என்றார். அதுவரை என்னை அவர் 'டா' போட்டதில்லை.

திரும்ப என் கேரியரில் ஏறவில்லை. திருநீர்மலைவரை நடந்தார். நான் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாமா வீட்டு வாசலில் நின்று, "நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. எழுந்துபோய் அண்ணனின் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். அக்காதான் உள்ளேயிருந்து என்னைத் திட்டினாள், அம்மா திட்டுவதுபோல. ஒரு மாதம் மாமா என்னோடு பேசவில்லை. டீக்கடையில் நானே போய்ச் சொன்னேன். சிரித்தவனிடமும் சொன்னேன். அது மாமாவிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகையில் அண்ணன் கை ஆறியது. மறுபடியும் மாமா மேலே, அண்ணன் கீழே. எனக்கு வேலை கிடைக்கும்வரை நானும் ரோட்டில் ஆள் நிறுத்தப் போனேன். வாயைத் திறக்காமல், கையை மட்டும் காட்டி. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்று மட்டும் ஆகவில்லை. பத்து வருஷம் ஒரே ஒரு குரலுக்குக் கயிற்றைத் தளர்த்திய மனிதர், அதற்குப் பிறகு மாமா குரல் கொடுத்தாலும் உடனே தளர்த்துவதில்லை. மேலே நிமிர்ந்து, கண்ணில் தூள் விழுந்தாலும் நிமிர்ந்து, "வுடவா?" என்று ஒரு முறை கேட்பார். மாமாவும் பொறுமையாக மறுபடி சொல்வார்.

ஒரு மனிதர் தன் காதையே நம்ப முடியாமல் போகும்படி நான் ஒன்பது நாள் பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் ஆபீசில் யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை சார், இப்படித்தான் சொன்னேன்" என்று விளக்கம் எழுதிக்கொண்டு வந்து நிற்கும்போது, எனக்கு அண்ணாந்து கேட்கிற அந்த முகம்தான் முதலில் தெரிகிறது.