பெரியவரு போயிட்டாரு

என் பெரியப்பா இறந்த மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போய், தன் தம்பி மீதும் தங்கை மீதும் போலீஸில் புகார் கொடுத்தார். தம்பி என்பது என் அப்பா. தங்கை என்பது திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை. எனக்கு அப்போது ஒன்பது வயது. சம்பவத்தின்போது நானும் கூடவே இருந்தேன், ஆனால் என் பெயரைச் சேர்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று பல வருஷங்கள் ஆகியிருந்தன. காரணம் ஒரு கிணறு. தென்னந்தோப்பைப் பாகம் பிரித்தபோது கிணறு பெரியப்பாவின் பக்கம் விழுந்துவிட்டது. அது தனக்குத்தான் என்றார் அவர். பொதுக் கிணறு என்றார் அப்பா. சண்டை எப்போது முடிகிறதோ, அதுவரை தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் இருக்க முடியுமா? ஆகவே முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்தில் மற்றவர் விழித்துவிடக் கூடாது என்பதற்காக நடுவில் ஓர் ஆள் இருந்தார். மோட்டார் போட்டு நிறுத்துவது அவர் வேலை. பெரியப்பா பாய்ச்சி முடித்துத் தோப்பு வீட்டுக்குத் திரும்பியதும் மோட்டார்காரர் அப்பாவுக்குப் போன் செய்வார்.

"பெரியவரு போயிட்டாருங்க. நீங்க வரலாம்."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த முறை அத்தை லீவுக்கு வந்திருந்தாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா கடைக்குப் போன நேரத்தில், சார்ஜில் கிடந்த அவர் போன் அடித்தது. அத்தை எடுத்தாள். திருப்பூர்க்காரிக்கு எங்கள் வீட்டு நடைமுறை என்ன தெரியும்? பெரியவர் போய்விட்டார், நீங்கள் வரலாம் என்று யாரோ ஒரு ஆண் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அவள் போனைக் கையில் பிடித்தபடியே வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கடையிலிருந்து வந்த அப்பாவைப் பார்த்ததும், "பெரியண்ணன் போயிட்டாருண்ணே, நம்மள விட்டுட்டுப் போயிட்டாருண்ணே" என்றாள். போன் செய்தது யார் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் வக்கீல் பீஸ் மிச்சம்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போவோம். சாவுக் கேதத்துக்கு அழைப்பு கிடையாது. காதில் விழுந்தால் கிளம்ப வேண்டியதுதான், எத்தனை வருஷத்துப் பகையும் அன்றைக்குச் செல்லாது. அப்பா வழியில் ஒரு ரோஜா மாலை வாங்கினார். பைக்கில் நான் டேங்க் மேல், அத்தை பின்னால். தோப்பு வரைக்கும் அத்தை அழுத அழுகையில் ரோட்டோரம் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தோப்பு வீட்டுக் கேட்டில் பெரியப்பா ஒரு போர்டு மாட்டியிருந்தார். 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' அந்தப் பக்கம் வேறு வீடே கிடையாது, அது அப்பா ஒருவருக்காக எழுதிய போர்டு. அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை. அத்தையை முந்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நீட்டி நிமிர்ந்து கிடந்தார் பெரியப்பா. பெரியம்மா புதுக்கோட்டையில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் பக்கத்தில் யாரும் இல்லை. யாருமில்லாமல் கிடக்கிறாரே என்றுதான் அப்பா உடைந்திருக்க வேண்டும். மாலையை அவர் மேல் போட்டார். நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

"கெணத்த நீயே வச்சுக்கண்ணே. எந்திரிண்ணே. எனக்கு ஒண்ணும் வேணாம், எந்திரிண்ணே."

பெரியப்பா எழுந்தார்.

"எவன்டா அவன்?" என்றார். தண்ணீர் பாய்ச்சிய களைப்பில் ஈ மொய்க்காமல் இருக்கத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிய மனிதர், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். கேட்டருகில் அத்தையின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது.

இதோடு போயிருந்தால் அவர் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பார். ஆனால் அத்தையின் குரல் எங்களுக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரியப்பா வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம், தான் சாகவில்லை என்று சொல்லி அனுப்பினார். சாயங்காலம் அவருடைய சம்பந்தி வீட்டார் கோடித்துணியோடு ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். சம்பந்தி முன்னால் மானம் போனதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

போலீஸ் கொடுத்த தாளை அம்மா வாசித்தபோது, 'அத்துமீறி நுழைந்து' என்பது எனக்கு 'அத்தை மீறி நுழைந்து' என்று கேட்டது. அத்தையை முந்திக்கொண்டு ஓடியதைத்தான் சட்டம் தப்பு என்கிறது என்று நினைத்தேன். முதலில் அவளை உள்ளே விட்டிருக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமை இல்லை. அப்பா முன்பு வேலை பார்த்த சிங்கப்பூர் கம்பெனியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். கேஸ் இருக்கிற வரைக்கும் அது நடக்காது, தண்டனை ஆகிவிட்டால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

வக்கீலம்மா பொறுமைசாலி. "உள்ள போனது மட்டும் குத்தம் ஆகாதுங்க. என்ன நெனப்போட போனீங்கங்கறதுதான் கேஸே. கேதத்துக்குத்தான் போனீங்கன்னு காட்டிட்டா முடிஞ்சிரும். அவுக, உசுரோட இருக்குறவருக்கு மாலை போட்டுக் கேவலப்படுத்தத்தான் வந்தாகன்னு சொல்லுவாக. போன் பண்ணுன ஆளக் கூட்டிட்டு வாங்க, அது போதும்" என்றார்.

அந்த ஆள் சம்மன் என்ற சொல்லைக் கேட்டதும் மகள் ஊருக்குப் போய்விட்டார். இரண்டு பேரிடமும் வேலை பார்க்கிறவர், யாருக்கென்று சாட்சி சொல்வார்? அத்தை சொன்னால் எடுபடாது, அவளே கேஸில் இரண்டாம் எதிரி. அப்பா சோறு சாப்பிடும்போதுகூட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா சாட்சி சொன்ன நாள் பள்ளிக்கூடம் லீவு. நான் ஆலங்குடி கோர்ட் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று அரசு வக்கீல் அவரிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனது என் காதில் விழுந்தது. வக்கீலம்மா குறுக்கு விசாரணையில் மாலையைப் பற்றி, துண்டைப் பற்றி, ஈயைப் பற்றியெல்லாம் கேட்டார். எதுவும் பிடிகொடுக்கவில்லை. கடைசியில், "வேற எதாவது பண்ணாரா ஐயா?" என்றார்.

"பண்ணலீங்க. சொன்னான்" என்றார் பெரியப்பா. "கெணத்த நீயே வச்சுக்கண்ணேன்னு சொன்னான். அதையும் எழுதிக்கங்க."

அரசு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, "எப்படிச் சொன்னார்?" என்று கேட்டார்.

"அழுதுக்கிட்டுத்தாங்கய்யா. எந்திரிண்ணே, எந்திரிண்ணேன்னு. கண்ணத் தொறக்கவே இல்ல. நான் எந்திரிச்சு ஒக்காந்ததுகூட அவனுக்குத் தெரியல."

அவ்வளவுதான் கேஸ். ஒருவரைக் கேவலப்படுத்த வந்தவன் அவரை எழுந்திருக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு அழுவானா என்று வக்கீலம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இருவருக்கும் விடுதலை. கிணற்றுக்கு ஆசைப்பட்டு மனிதர் கேஸைக் கோட்டைவிட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வக்கீலம்மாவும் சிரித்தார். அப்பா சிங்கப்பூர் போனார். மோட்டார்காரர் திரும்பி வந்தார், போன் அம்மாவுக்கு வர ஆரம்பித்தது.

கிணறு தனக்கே என்று பெரியப்பா கேஸ் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். எழுதிக்கொள்ளச் சொன்ன அந்த வார்த்தையை அவர் எங்கேயும் எடுத்துக்கொண்டு போகவில்லை. முறை மாறாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பல வருஷம் கழித்து ஒரு நாள் மோட்டார்காரர் சிங்கப்பூருக்கே போன் செய்து, பெரியவர் போயிட்டாரு என்றார். "எங்க?" என்று அப்பா கேட்டாராம். அந்தப் பக்கம் மோட்டார்காரர் அழுதுகொண்டிருந்தாராம்.

அன்று கோர்ட்டில் கிணற்றுக்காக மட்டும் பேசியிருந்தால் பெரியப்பாவுக்கு முதல் வாக்கியமே போதும். தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை என்று யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. இது எனக்குப் புரிய நான் ஒருவரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்து பார்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தவர் வராந்தாவில் என் முன்னால் நின்றார். முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"ஒங்கப்பனுக்கு அன்னிக்குக் கத்துனதுல தொண்ட கட்டிக்கிச்சாமே. சரியாயிருச்சா?"

நக்கல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் அவர் மாதிரியே பேசிக் காட்டினேன். அத்தையும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். வெயில் படுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நான் எழுந்து ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.