புகை போட்ட வளை

மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையடிப் புல்தரையில் வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன. பகலெல்லாம் உள்ளே கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் விஜயபாண்டியின் கடலைக்காட்டில் இறங்கிவிடும். பங்குனியில் பாதிச் செடி காயில்லாமல் நின்றது. ஒரு வளை விடாமல் அழிக்கச் சொல்லி, எலி பிடிக்கிற மாடத்தியையும் அவள் புருஷன் சமுத்திரத்தையும் கூட்டிவந்தார்.

முதல்நாள் சாயங்காலமே மாடத்தி எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிடுவாள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கும். எலி தப்பிப்பதற்கென்று புல்லுக்குள் இன்னொரு வாய் வைத்திருக்கும். அதைக் கண்டுபிடித்து வலை விரிப்பது அவள் வேலை. பானையில் வைக்கோலைக் கொளுத்திப் புகை ஊதுவது சமுத்திரம்.

பன்னிரண்டாவது வளையின் பின்வாய் வலைக்கு அடங்காத அகலம். பெருச்சாளியாக இருக்கும் என்று கல்லை வைத்து அடைத்தாள். சமுத்திரம் ஊத ஆரம்பித்த பிறகுதான் உள்ளே நாய்க்குட்டி முனகுவதுபோல் கேட்டது.

“நிப்பாட்டுங்க. உள்ள நரிக்குட்டி கெடக்கு.”

கல்லைப் புரட்டிவிட்டுக் கையை விட்டாள். இரண்டு குட்டி இருமிக்கொண்டு வந்தன. மூன்றாவது துணிபோல் துவண்டு கிடந்தது. மடியில் போட்டு மூக்கைத் துடைத்து, முந்தானையால் விசிறினாள். பார்க்காமல் அடைத்தது அவள் கைதானே.

விஜயபாண்டி வந்து பார்த்தார். குள்ளநரி கோழியைத் தூக்கும், கடலையையும் தோண்டும், குட்டிகளை உள்ளே போட்டு மூடு என்றார்.

மாடத்தி எழுந்திருக்கவில்லை.

“நேத்து மூடுனதுல இந்தப் பக்கம் இது ஒண்ணுதான் தெறந்துருக்கு, அண்ணாச்சி. எலி அம்புட்டையும் இதுக தாய்தான் தின்னுருக்கா. நாங்க ஒரு நாளைக்கு ஊதிட்டுப் போயிருவோம். அவ தெனமும் வருவா.”

அவர் அந்தப் பக்கத்து ஓரச்செடி ஒன்றைப் பிடுங்கி உதறினார். வேரெல்லாம் காய். அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “தாய் திரும்பி வருமா?”

“நம்ம வாடை போனா வரும்.”

மூன்றாவது குட்டி அவள் விரலை நக்கியது. புகை அடங்கியதும் வளை மண்ணைக் குட்டிகள்மேல் தேய்த்து உள்ளே விட்டாள். மூவரும் பம்புசெட்டு நிழலுக்கு விலகிப் போனார்கள்.

வெயில் தாழ்ந்தபோது புல்லுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு அசைந்தது. தாய் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வி மேட்டுப்பக்கம் கொண்டுபோனது. கடைசிக் குட்டிக்குத் திரும்பி வந்தபோது, தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரமும் வந்துவிட்டது. விஜயபாண்டி மோட்டாரைப் போடாமல் சுவிட்சடியில் நின்றுகொண்டிருந்தார்.